மெத்தையின் மறுபாதி

இது நடந்தது. போன வருஷம் ஜூலை மாதம், காபெஸ் ஊரில். நடந்தது லஸ்ஹருக்கு. அவரும் நானும் ஒரே நிறுத்தத்தில் லுவாஜ் ஓட்டுகிறவர்கள். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் கிளம்புகிற வாடகை வேன் அது. கட்டிவிட்ட கதை என்று நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. லஸ்ஹருக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொல்லவே சோம்பல்படுகிற மனுஷன்.

வயது ஐம்பத்தொன்று. இரவு பத்து மணிக்கு காபெஸில் ஆள் ஏற்றினால் விடிவதற்கு முன் தலைநகர் துனிஸ். அங்கே ஒரு காபி, மறுபடி எட்டுப் பேர், காலை பத்தரைக்குத் திரும்ப காபெஸ். அதனால் அவருக்குத் தூக்கம் என்பது பகலில்தான். அந்தப் பகல் தூக்கமும் ஆறு மாதமாக இல்லை. கண்ணுக்குக் கீழே பை கட்டித் தொங்கியது.

அவர் பழி போட்டது மெத்தையின் மேல். மனைவி ஸொஹ்ரா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த மெத்தை, ஆட்டு ரோமம் அடைத்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதைப் பிரித்து, ரோமத்தை அலசி, மொட்டை மாடியில் காயவைத்து, கழியால் அடித்து, மறுபடி அடைத்துத் தைப்பாள். இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கூத்து. இப்போது ரோமம் கட்டி கட்டியாகிவிட்டது. உருளைக்கிழங்கு மூட்டைமேல் படுத்த மாதிரி இருக்கும் என்பார்.

ஜூன் மாதம் ஒரு பயணி நிறுத்தத்தில் வந்து புகார் செய்தான். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே லஸ்ஹர் குறட்டை விட்டாராம். நாங்கள் சிரித்தோம். நிறுத்தத்தின் தலைவர் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை காதுல விழுந்துச்சுன்னா சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடு, லஸ்ஹர்."

சாவி போவது அவருக்குப் பெரிதில்லை. பின்னால் எட்டு உயிர் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பயம்தான் அவரைத் தின்றது.

"புது மெத்தை வாங்கலாம், வா," என்று ஸொஹ்ராவைக் கூப்பிட்டார்.

"எங்கம்மா கையால அடைச்சது உங்களுக்குக் குத்துதா? நீங்களே போய் வாங்கிக்கோங்க. நான் வரமாட்டேன்."

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை தனியாகப் போய்ப் படுக்கை வாங்குவதில்லை. மனைவி வருவாள், இல்லாவிட்டால் அம்மா, அக்கா. அழுத்திப் பார்ப்பதும் முகம் சுளிப்பதும் அவர்கள் வேலை. நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். லஸ்ஹர் தனியாகப் போனார். அலுப்பில் அதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. காலை 10:50. பயணிகளை இறக்கிவிட்டு அப்படியே வண்டியோடு நௌஃபலின் மெத்தைக் கடைக்குப் போனார். நௌஃபல் முப்பது வயதுக்காரன், வாய் ஓயாத ஆள்.

"சும்மா கையால அழுத்திப் பாத்தா என்ன தெரியும்? படுத்துப் பாருங்க அண்ணே."

நாலாவது மெத்தையில் படுத்தார். ஸ்பிரிங் மெத்தை, இரண்டு பேர் படுக்கிற அகலம். இரண்டு நிமிடம் என்றுதான் படுத்தார். கண் விழித்தபோது மணி 12:35. கடைக்காரன் வாசலில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தான். லஸ்ஹருக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் அப்படி ஒரு தூக்கம் இல்லை. அதையே கட்டச் சொல்லி, வேனின் கூரையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஸொஹ்ரா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய மெத்தையை உள் அறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். பகலில் அவள் வீட்டில் இருப்பதும் இல்லை. மருதாணி சலிக்கிற பட்டறையில் வேலை, நாலு மணிக்குத்தான் வருவாள்.

முதல் இரண்டு நாள் லஸ்ஹர் மரக்கட்டையாகத் தூங்கினார்.

மூன்றாம் நாள். மதியம் 1:40. ஜன்னல் பலகைகள் சாத்தியிருந்தன. வெளியே வெயில், தெருவில் ஈ காக்கை இல்லை. பாதித் தூக்கத்தில் ஒரு சத்தம்.

க்ரீக்...

மெத்தையின் மறுபாதி அமுங்கியது.

ஸொஹ்ராவின் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்தார். "வந்துட்டியா?" என்று முனகிவிட்டு மறுபடி தூங்கிப்போனார். எழுந்தபோது பக்கத்தில் ஆள் இல்லை.

சாயங்காலம் கேட்டார். "மத்தியானம் வந்து படுத்தியே, சொல்லிட்டு எந்திரிச்சுப் போகக்கூடாதா?"

"நானா? அந்த மெத்தையில என் கால் விரல்கூடப் படாது."

கனவு என்று விட்டுவிட்டார்.

நாலாம் நாள் தூங்காமல் படுத்திருந்தார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. சுவர்ப்பக்கம் முகம். மறுபாதி முதுகுக்குப் பின்னால்.

1:38... 1:39...

க்ரீக்.

முதலில் ஒரு முழங்கால். மெத்தை அந்த இடத்தில் மட்டும் இறங்கியது.

பிறகு இடுப்பு.

பிறகு தோள்.

ஒரு பெருமூச்சு. நாள் முழுக்க வேலை செய்த ஆள் படுக்கும்போது விடுகிற மூச்சு. அது அவர் பிடரியில் பட்டது.

ஜில்லென்று இருந்தது.

திரும்ப முடியவில்லை.

கத்த முடியவில்லை.

இனி நடந்ததைச் சொல்லும்போது லஸ்ஹர் தலையைக் குனிந்துகொள்வார். நடுங்கிக்கொண்டே படுத்திருந்தவர்... அப்படியே தூங்கிவிட்டார். அவ்வளவு அலுப்பு. பயம் ஒரு பக்கம், தூக்கம் ஒரு பக்கம், தூக்கம்தான் ஜெயித்தது.

4:15-க்கு ஸொஹ்ரா கதவைத் தட்டினாள். அறைக்குள் வந்தவள் விரிப்பைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். மறுபாதியில் ஓர் ஆள் படுத்த பள்ளம். தலை, தோள், இடுப்பு, எல்லாம் தெரிந்தது.

"யாரு இவ?"

"யாரும் இல்ல ஸொஹ்ரா."

"யாரும் இல்லாமலா இந்தப் பள்ளம்? என்னைவிடக் குள்ளம். ஒல்லி வேற. எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சீங்களா?"

லஸ்ஹருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இரண்டு நாள் நடந்ததையும் சொன்னார். அவள் பள்ளத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை.

"திருப்பிக் குடுத்துட்டு வாங்க. இப்பவே."

யாரோ செத்த படுக்கையை நௌஃபல் உறை மாற்றி விற்றுவிட்டான் என்று இருவருக்கும் தோன்றியது. மெத்தையை வேனில் ஏற்றி, 5:20-க்கு நௌஃபலின் கடை முன்னால் நிறுத்தினார் லஸ்ஹர்.

"எவன் செத்த மெத்தைடா இது?"

"அண்ணே, பதறாதீங்க. அட்டைப் பெட்டியில சீலோட வந்தது, நீங்க வாங்க வந்ததுக்கு முந்தின நாள்தான் நான் பிரிச்சேன். நீங்கதான் முதல்ல படுத்தீங்க. நீங்களும் அக்காவும்."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டுக்காரம்மா."

"அவ வரவே இல்ல."

நௌஃபல் அவரை மேலும் கீழும் பார்த்தான். விளையாடுகிறார் என்று நினைத்தானாம்.

"உங்க வண்டியிலேருந்துதானே இறங்குனாங்க. உங்க பின்னாடியே உள்ள வந்தாங்க. குள்ளமா, ஒல்லியா. பொம்பளை கூட வந்திருக்காங்க, அப்புறம் எனக்கென்ன? நீங்க தூங்கிட்டீங்க. அவங்க அந்தப் பக்கம் படுத்தாங்க. நான் எழுப்ப வந்தேன், வேணாம்னாங்க."

லஸ்ஹருக்கு அப்போதுதான் விளங்கியது. மெத்தையில் ஒன்றும் இல்லை. அது புது மெத்தை. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது அவர்தான்.

"என்ன சொன்னா?"

"அவங்க சொன்னது அப்ப எனக்குப் புரியல. வீட்டு விஷயம்னு கேக்கவும் இல்ல."

"என்ன சொன்னா, நௌஃபல்?"

வாய் ஓயாதவன், வார்த்தை வார்த்தையாகத்தான் சொன்னான்.

"'எழுப்பாதீங்க, கொஞ்ச நேரம் நானும் படுத்துக்கறேன்'னாங்க... 'ராத்திரி ரோட்டுல இவர் தூங்கிடறார். ஆறு மாசமா நான்தான் வண்டி ஓட்டறேன். ரொம்ப அசதியா இருக்கு'ன்னாங்க."