படகு நேரமும் றஜீவனின் இணையத்தளமும்

நெடுந்தீவில் இணையத்தளம் செய்யத் தெரிந்தவர் றஜீவன் ஒருவர்தான். ஆகவே தீவின் தலைசிறந்த வல்லுநரும் அவரே. படகுச் சங்கத்துக்கு அவர் செய்துகொடுத்த தளத்தின் முகப்பில் தீவின் காட்டுக் குதிரைகள், நீலக் கடல், நடுவில் அவருடைய சிரித்த முகம்.

படகு நேரம் காற்றைப் பார்த்து மாறும். அதைத் தனியாக எழுதி வைத்து எல்லாப் பக்கத்திலும் சேர்க்கவேண்டும். தளம் இருக்கும் கணினியான சேர்வரே நேரத்தைப் பக்கத்தோடு ஒட்டி முழுதாக அனுப்பலாம். அல்லது வெறும் பக்கத்தை அனுப்பிவிட்டு, பார்ப்பவரின் போனே பிறகு போய் நேரத்தை எடுக்கட்டும் என்று விடலாம். முதலாவது கிழட்டு முறை என்று றஜீவன் ஏதோவொரு காணொளியில் கேட்டிருந்தார். இரண்டாவதைச் செய்தார். சிக்னல் கோபுரத்தடியில் இருந்த அவர் வீட்டில் அது அருமையாக வேலை செய்தது.

"எனக்கு ஒரு வட்டம்தான் சுத்துது, தம்பி," என்றார் சங்கத் தலைவர் யாகப்பு.

"போனை மாத்துங்கோ, அண்ணை."

தீவுப்பகுதியின் போன்கள் அத்தனையையும் மாற்றுவது, தன் நிரலில் நாலு வரி மாற்றுவதைவிட அவருக்குச் சுலபமாகப் பட்டது.

மாசியில் வேலணையிலிருந்து பெண்வீட்டார் கலியாணப் பேச்சுக்கு அவரைப் பார்க்க வெளிக்கிட்டார்கள். அன்று காற்றுக்குப் பயந்து படகு நேரத்துக்கு முன்னமே போய்விட்டது. நெடுந்தீவுப் படகு வெளிக்கிடும் குறிகட்டுவான் துறையில் பலகாரப் பெட்டிகளோடு நின்று, பெண் சிவரூபி றஜீவனுக்குப் போன் எடுத்தாள்.

"போட் போயிட்டுதாம்."

"நீர் தளத்திலை பாக்கேல்லையோ?"

"பாத்தனான். உங்கட படம் வடிவா வந்தது. நேரம்தான் வரேல்லை."

"அதை உம்மட போன்தான் போய் எடுக்கவேணும். கிளையன்ற் சைட் எண்டு சொல்லுறது. இப்ப உலகம் முழுக்க அப்பிடித்தான்."

"சாப்பிடக் கூப்பிட்டு வெறும் இலையைப் போட்டிட்டு, சோறு குசினிக்கை கிடக்கு, போய் அள்ளுங்கோ எண்டு விடுவியளோ?"

சிவரூபியின் தகப்பன் கதிர்காமு போனை வாங்கி, "பலகாரத்தை நாங்களே சாப்பிடுறம், தம்பி," என்று சொல்லி வைத்துவிட்டார்.

றஜீவன் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்தார். பின்னேரமே நேரத்தைச் சேர்வரில் ஒட்டி அனுப்பும்படி மாற்றினார். யாகப்புவின் போனிலும் உடனே வந்தது. சங்கத்துக்கு அதை 'இரண்டாம் தலைமுறைத் தொழில்நுட்பம்' என்று அறிவித்தார். பொன்னாடை போர்த்தினார்கள்.

பங்குனியில் பெண்வீட்டார் தளத்தில் நேரம் பார்த்துப் படகேறி வந்தார்கள். வைகாசியில் கலியாணம். இப்போது றஜீவன் சனிக்கிழமைகளில் இணையத்தள வகுப்பு நடத்துகிறார். சேர்வரில் சேர்ப்பதன் மேன்மையைத் தானே கண்டுபிடித்ததுபோல் விளக்குகிறார். பின்வரிசை வாங்கில் இருக்கும் சிவரூபி, வகுப்பு முடிய எல்லாருக்கும் இலையைப் போட்டு, சோற்றையும் தானே கொண்டுவந்து பரிமாறுகிறாள்.