ராஜேஸ்வரி டீச்சர் காப்பாற்றிய அறை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கண் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது, எங்கள் பள்ளியின் பழைய எழுத்தர் அழைத்தார். "சார், லைப்ரரி ராஜேஸ்வரி டீச்சர் காலையில தவறிட்டாங்க." என் முறை வந்திருந்தது. உள்ளே போய்ப் பலகையிலிருந்த எழுத்துகளை வாசித்துக் காட்டிவிட்டுக் கிள்ளானுக்குப் புறப்பட்டேன்.

அவரோடு பணியாற்றி, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நீங்கள் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசுவீர்கள். நான் அவருடைய தலைமையாசிரியராக இருந்தவன். தொடக்கத்தில் அவருக்கு எதிர்ப்புறம் நின்றவன்.

கிள்ளானிலுள்ள அந்தத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் மாதமே, நூலகத்தைக் கூட்ட அறையாக்க முடிவு செய்தேன். குளிர்சாதனம் உள்ள பெரிய அறை அது ஒன்றுதான். ராஜேஸ்வரி வந்து புத்தகங்களின் பெருமையைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"சார், இந்த ஸ்கூல்ல உங்களுக்குப் பெரிய தலைவலி எது?"

"மூணாம் ஆண்டு வகுப்புல பதினோரு பிள்ளைங்களுக்கு வாசிக்க வரல. கல்வி இலாகாவுல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"அந்தப் பதினோரு பேரையும் என்கிட்ட விடுங்க. ரூமையும் வருஷக் கடைசி வரைக்கும் விடுங்க. நடக்கலன்னா நானே சாவியக் கொண்டாந்து குடுத்துடறேன்."

அதன்பின் மாதந்தோறும் என் மேசைக்கு ஒரே ஒரு தாள் வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி. 'பவித்ரா, ரொட்டிப் பொட்டலத்தில் இருந்ததைத் தானாகவே படித்தாள்.' ஒருநாள் என்னை நூலகத்துக்கே அழைத்தார். "லிஸ்ட்ட நம்பாதீங்க சார், வந்து காதால கேளுங்க." பவித்ரா ஒரு பக்கம் படித்தாள். நடுவில் ஒரு சொல்லில் திணறினாள். நான் எடுத்துக்கொடுக்க வாய் திறந்தேன். "விடுங்க சார், அவளே வருவா," என்றார். வந்தாள்.

ஆண்டு இறுதியில் சாவியை என் மேசையில் வைத்தார். "ரெண்டு பேருக்கு இன்னும் வரல சார்." நான் சாவியை அவர் பக்கமே நகர்த்தினேன்.

இலாகாவுக்கு எழுதிய அறிக்கையில் இதைத் தலைமையாசிரியரின் முயற்சி என்று குறிப்பிட்டேன். அவர் பெயர் அதில் இல்லை. பாராட்டுக் கடிதம் எனக்கு வந்தபோது, முதலில் வாழ்த்தியவர் அவர்தான். அறிக்கையை அவர் பார்த்திருக்க மாட்டார் என்றே இத்தனை ஆண்டுகளும் நம்பியிருந்தேன்.

இறுதிச்சடங்கு முடிந்தபின் அவர் மகளிடம் இதைச் சொன்னேன்.

"அம்மாவுக்குத் தெரியும் அங்கிள். அன்னிக்கு கிளார்க் லீவு. நீங்க ஆபீஸ்ல வச்சிட்டுப் போன அறிக்கைய அம்மாதான் டைப் பண்ணாங்க."

"ஒண்ணும் சொல்லலையா?"

"'ரூமு இப்போ சார் பேர்ல இருக்கு, இனிமே யாரும் தொடமாட்டாங்க லா'ன்னு சிரிச்சாங்க."

அந்த அறை இன்னும் நூலகமாகவே இருக்கிறது. நான்தான் அவருக்குத் துணை நின்றேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். என்னைத் துணை நிற்கவைத்த வேலையையும் அவரே செய்தார் என்பதை இப்போது அறிகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த அறிவு மட்டும்தான்.