கடலுக்கு மேல் இரண்டு வெளிச்சங்கள்

கொழும்புத் துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையின் மொட்டைமாடி. பொழுது இப்போதுதான் சாய்ந்திருக்கிறது. புதன் கோள் கடலுக்குள் மறைவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டுமென்று மாணவிகள் தொலைநோக்கியோடு நிற்கிறார்கள். அடிவானத்தில் இரண்டு வெளிச்சங்கள் தெரிகின்றன. விருந்தாளியாக வந்த நான், யாரும் கேட்காமலே, பிரகாசமானதைக் காட்டி, "அதுதான் புதன்" என்கிறேன்.

தரம் பத்தில் படிக்கும் ஷர்மினி அவசரப்படவில்லை. கைப்பிடிக் கம்பிக்கு நேராகக் கண்ணை வைத்து இரண்டையும் பார்த்தபடி நிற்கிறாள். சின்ன வெளிச்சம் மட்டும் மெல்லக் கம்பிக்குக் கீழே இறங்குகிறது. உடனே தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்புகிறாள்.

"இதுதான் புதன், அங்கிள்."

"அப்ப மற்றது?"

"அது கப்பல். ஹாபருக்குள்ள இடம் கிடைக்கும் வரைக்கும் அங்கயே நிக்கும். புதன் நிக்காது, கெதியா வந்து பாருங்கோ!"