இறங்காமல் கடந்த இருநூறு அடி

டயரில் காற்று இருந்து, டேங்கில் பெட்ரோலும் இருந்து, ஒரு மனிதர் வண்டியைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தும் ஏன் என்று கேட்காமல் போயிருக்கிறீர்களா?

மலையாண்டி இருபத்தைந்து வருடம் அப்படித் தள்ளினார். முதலில் சைக்கிள், பிறகு டி.வி.எஸ். 50. கருவேலமரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். ஊர் கடலாடிப் பக்கம். பெயரை எழுதவில்லை, எழுதினால் மற்ற ஊர்கள் தப்பித்துக்கொள்ளும். அவர் குடியிருப்பிலிருந்து தார்ரோட்டுக்குப் போக ஒரே வழி, நிலக்காரர்கள் தெரு. இருநூறு அடி. அவர் குடியிருப்பு ஆட்கள் அதில் வண்டியில் உட்கார்ந்து போகக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. எந்தச் சட்டத்திலும் எழுதியதில்லை. ஆனால் கால்களுக்குத் தெரியும்.

1974இல் பூமயில் அவருக்கு மணப்பெண்ணாக அங்கே வந்தது சைக்கிள் கேரியரில். தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தார்.

1999 ஆவணியில், "கல்யாண நாளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் மலையாண்டி.

"ராமேஸ்வரம் போகணும். நம்ம வண்டியில."

"சாமி கும்பிடவா?"

"கும்பிட்டதெல்லாம் போதும். கடலைப் பாக்கணும். ஆனா தெருவுல நான் எறங்க மாட்டேன்."

"வெட்டிப்புடுவாய்ங்கடி."

"அப்ப ராமேஸ்வரம் வேணாம். அந்தத் தெருவுல மட்டும் ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போ."

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது, வேறு யாருமில்லை. முனை வந்ததும் மலையாண்டியின் கால் தானாகத் தரையில் ஊன்றியது. இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டார். பூமயில் இறங்கவில்லை. அவரையும் சேர்த்து மூச்சிரைக்கத் தள்ளினார்.

"ஏய்யா, ஆளே இல்லாத தெருவுக்கு எறங்குறியே, அந்த நாய் ஏதும் சொல்லிருமோ?"

வெட்கத்தில் ராமநாதபுரம் வரை அவர் வண்டியை நிறுத்தவே இல்லை.

பாம்பன் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளியது. பஸ்ஸில் வந்தவர்களும் காரில் வந்தவர்களும் இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே ரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையாண்டியும் நிறுத்தி இறங்கினார்.

"இங்கன எதுக்கு எறங்குன?"

"பாக்கத்தான்."

"யாராச்சும் எறங்கச் சொன்னாய்ங்களா?"

"இல்ல."

"இதுதான்யா எறங்குறது."

ஞாயிறு சாயங்காலம் திரும்பினார்கள். தெரு நிறைய ஆட்கள். நிலக்காரர் ஒருவரின் மகன் முத்துராமலிங்கம், மலையாண்டிக்குப் பிள்ளை வயது, குரல் கொடுத்தான்.

"ஏலே மலையாண்டி! எறங்குலே!"

மலையாண்டியின் கால் மறுபடியும் தரைக்குப் போனது. பின்னாலிருந்து பூமயில் அந்தத் தொடையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். கால் மேலே ஏறியது.

"தம்பி, எங்களுக்குக் கல்யாண நாளு. இன்னைக்கு எறங்கலை" என்றார் பூமயில்.

"அப்ப நாளைக்கு?" என்று சிரித்தான் அவன்.

மலையாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. "நாளைக்கும்தான்யா" என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

மறுநாள் காலையில் வண்டி சீட்டு கிழிந்து பஞ்சு தொங்கியது. மலையாண்டி கரிச்சாக்கு ஒன்றை மடித்து அதன்மேல் கட்டினார். உட்கார்ந்தார். அந்தத் தெரு வழியாகவே வேலைக்குப் போனார்.

இன்றும் அப்படித்தான் போகிறார், ஆனால் இறங்காமல் போவது அவர் வண்டி ஒன்றுதான். அவர் குடியிருப்பில் மற்றவர்கள் இன்னும் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். இறங்கச் சொன்னதைப் பற்றிப் போலீசில் ஒரு மனு கொடுத்தார். சாட்சி எங்கே என்று கேட்டார்கள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் வரவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் அப்படிப்பட்ட தெருவில் வீடு உள்ளவராகவும் இருக்கலாம். நாளைக்கு ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் வாசலைவிட்டு இறங்கி வாருங்கள். "ஏறி ஓட்டுங்க" என்று சொல்லுங்கள். தெரு முடியும்வரை கூடவே நடங்கள். யாராவது தடுத்தால், சாட்சிக் கையெழுத்தை முதலில் நீங்கள் போடுங்கள்.