ஓரகத்தி வீட்டு நீச்சல் குளம்

கம்பெனியில் அவளைத் ‘தொட்டியக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மண்ணுக்கடியில் புதைக்கிற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகளை விற்கும் கம்பெனி அது. வாங்க வருகிறவர்கள் தொட்டி உடையுமா, ஒழுகுமா என்று குடைவார்கள். மிதந்து மேலே வருமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அதைத் தானே கேட்டுக்கொண்டு தானே பதில் எழுதுவதுதான் அவளுடைய வேலை. நிலத்தடி நீர் ஏறினால் காலித் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு எழும். தொட்டி எவ்வளவு தண்ணீரின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடை அதை மேலே தள்ளும். அந்த எடையைவிட அதிகமாகப் பாரம் வைத்து அமுக்க வேண்டும். எவ்வளவு கான்கிரீட் என்று அவள் சொல்வாள்.

ஊரார் தொட்டிகளையெல்லாம் அமுக்கி வைத்தவளுக்கு வயிற்றெரிச்சலை மட்டும் அமுக்கி வைக்கத் தெரியவில்லை. எல்லாம் ஓரகத்தியால் வந்தது. கொழுந்தன் கல்யாணமாகி அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாள் முதலே இவளுக்குப் புகைச்சல்தான். அவள் புடவை கசங்காது. அவள் சுட வைத்த பால் பொங்காது. சளி பிடித்தால்கூட அவள் மூக்கு சிவக்காது. இப்போது புது வீட்டின் பின்புறம் நீச்சல் குளம் வேறு. தொழிற்சாலையில் வார்த்த நீலநிறக் கண்ணாடியிழைக் குளத்தை லாரியில் கொண்டுவந்து, குழி வெட்டி இறக்கியிருந்தார்கள்.

“நமக்குப் பக்கெட்டும் சொம்பும் போதும்” என்றார் கணவர்.

“உங்களுக்குப் போதும்.”

ஒரு வாரம் விடாமல் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. மறுநாள் ஓரகத்தியின் அலுவலகத்தார் விருந்துக்கு வருகிறார்கள் என்று சமையலுக்கு ஒத்தாசையாக இவள் போயிருந்தாள். பின்பக்கம் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. குளத்தில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது.

“காலி பண்றீங்களாம்மா?”

“ஆமாக்கா. மழையில ஒரேயடியா கலங்கிப் போச்சு. பச்சைத் தண்ணியில யாரை இறங்கச் சொல்றது? கழுவிட்டுப் புதுசா நிரப்பிடலாம்.”

மதில் ஓரம் விளக்குக் கம்பம் நட ஒரு குழி வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் தரைக்கு அரை மீட்டர் கீழே தண்ணீர் நின்றது. பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

பேசாமல் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். கை உரிக்க, மனசு கணக்குப் போட்டது. குளம் ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். குழித் தண்ணீரின் மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் இருக்கிறது. ஆறு மூன்று பதினெட்டு. பதினெட்டு கன மீட்டர், பதினெட்டு டன். கீழேயிருந்து அத்தனையும் தள்ளுகிறது. மேலே அமுக்க என்ன இருக்கிறது? குளத்தின் கண்ணாடியிழை ஓடு ஒரு டன், சுற்றுக் கான்கிரீட் இரண்டு, மிச்சத் தண்ணீர் ஒன்பது. பன்னிரண்டு. துடைப்பத்தோடு உள்ளே இறங்கிய கொழுந்தனின் தொப்பையைச் சேர்த்தாலும் தேறாது. இப்போதைக்கு மண் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மேலே வரட்டுமே, என்று நினைத்தாள். நாளைக்கு அத்தனை பேர் முன்னாலும் குளம் புல்தரைக்கு மேலே தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு நிற்கட்டும். அந்தக் காட்சி வெகு இனிப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குளத்தில் நிற்கிற கொழுந்தனும் அந்தக் காட்சிக்குள் வந்து விழுந்தார். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“மோட்டாரை நிறுத்து! தண்ணியைத் திருப்பி விடு!”

“ஏன்க்கா?”

“இதுக்கு மேல இறைச்சா குளம் மிதந்திடும்.”

ஓரகத்தி சிரித்தாள். “இத்தாம் பெரிய குளம் மிதக்க இது என்ன கப்பலா?”

“கப்பலே மிதக்குதே!”

சிரிப்பு நின்றது. “அக்கா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் குளம் வந்த நாள்லேர்ந்து உங்களுக்கு இது கண்ணுல முள்ளு. நாளைக்கு அவங்க வர்ற நேரத்துல இது கலங்கலாவே கிடக்கணும், அதானே?”

“பொறாமைதான். வயிறு எரியத்தான் எரியுது. அதுக்காக நான் போட்ட கணக்கு தப்பாயிடுமா?”

குளத்துக்குள்ளேயிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தார். “அண்ணி, இங்க ஏதோ படக்குனு சத்தம் கேட்டுச்சே!”

குளத்தின் ஒரு மூலை எழும்பி, அங்கே ஓரக்கல் ஒன்று பிளந்திருந்தது. இவள் மோட்டார் வயரைப் பிடுங்கி எறிந்தாள். ஓரகத்தி ஓடிப்போய் ஹோஸ் பைப்பை இழுத்து வந்து குளத்துக்குள் போட்டாள்.

பொழுது சாய்வதற்குள் குளம் நிரம்பிவிட்டது. ஆனால் எழும்பிய மூலை இறங்கவே இல்லை. இரண்டு விரல்கடை உயரம். தண்ணீர் சமமாகத்தான் நின்றது, குளம்தான் சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் விளிம்பு வரை ததும்பியது, எதிர்ப்பக்கம் நீலம் பட்டையாகத் தெரிந்தது.

“ரொம்பத் தெரியுதாக்கா?” ஓரகத்தியின் மூக்கு முதல்தடவையாகச் சிவந்திருந்தது.

“சேச்சே. யாரும் கவனிக்க மாட்டாங்க.”

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். “கோணல்னா கோணல், அப்படி ஒரு கோணல். கண் தெரியாதவனுக்குக்கூடத் தெரியும்” என்று முடித்தாள்.

அவர் யோசித்தார். “நீ போனதுமே சொல்லியிருந்தா அந்த ரெண்டு விரல்கூட எழும்பியிருக்காதே?”

“கை வேலையா இருந்தேன்” என்றாள்.