எல்லாரும் இருக்கோம்

நீலசந்திராவில் எங்கள் வீடு ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அதில் இருப்பது நானும் மனைவியும்தான். தேர்தலுக்குச் சில மாதம் முன்பு பள்ளிக்கூடச் சுவரில் வாக்காளர் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் நின்று பார்த்தேன். எங்கள் கதவு எண்ணில் பதிமூன்று பேர்.

எங்களைத் தவிர மீதிப் பதினோரு பேரையும் நான் பார்த்ததுகூடக் கிடையாது. அதில் ஓர் அப்பாவும் மகனும் இருந்தார்கள். மகனுக்கு அப்பாவைவிட நான்கு வயது அதிகம். பதினோரு பேர் குடியிருக்கிற வீட்டில் தண்ணீர்க் குடத்தை ஒருத்தர்கூடத் தூக்கியதில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

தங்கவயலில் சுரங்கத்தை மூடியதும் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. எனக்குச் சொந்த வீடு இல்லை, பென்ஷன் இல்லை. பங்களாக்காரனுக்கும் எனக்கும் சரிசமமாக இருப்பது ஓட்டு ஒன்றுதான். அதை ஒரு தடவைகூட நான் விட்டதில்லை. ஒன்றுக்குப் பதினொன்றாக யாரோ அதைக் கரைப்பதா? அன்றே புகார் எழுதிக் கொடுத்தேன்.

விசாரிக்க வந்தவர் ஒரு கன்னட டீச்சர். அந்த அம்மாள் வர வேறு நாளே கிடைக்கவில்லை. அன்று எங்கள் வீட்டில் மகளுக்கு வளைகாப்பு. தங்கவயலிலிருந்து காலை ரயிலில் மொத்தச் சொந்தமும் வந்து இறங்கியிருந்தது. கட்டில் மேலும் கீழும் ஆள். தயிர்சாதத்துக்குத் தயிர் பற்றவில்லை என்று என்னைக் கடைக்குத் துரத்திவிட்டிருந்தார்கள்.

டீச்சர் வாசலில் நின்று பட்டியலைப் பார்த்து, "பதிமூணு பேர். எல்லாரூ இதாரா?" என்று கேட்டிருக்கிறார்.

என் மனைவிக்கு ஓர் அனுபவம் உண்டு. ஒரு முறை இப்படி யாரோ வந்து கேட்டபோது, "ஒருத்தர் ஊருக்குப் போயிருக்கார்" என்று உண்மையைச் சொல்லப்போய் ரேஷன் கார்டிலிருந்து மாமியார் பெயரை அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த அதிகாரி எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். "எல்லாரும் இருக்கோம் மேடம்!" என்றிருக்கிறாள். தங்கவயல் சொந்தமும் சேர்ந்து தலையாட்டியிருக்கிறது.

"கம்ப்ளைண்ட் குடுத்தவர் எங்கே?"

"மாமா இங்க இல்லீங்களே" என்றாளாம் என் மச்சினி. அன்று அந்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அது.

டீச்சரை உட்காரவைத்துச் சோறு போட்டு, கை நிறைய வளையலும் அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். நான் தயிரோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஓட்டுப் போடும் நாளன்று மனைவி விரலில் மையோடு வெளியே வந்தாள். என்னிடம், "ஹெசரு இல்ல சார், லிஸ்ட்ல உங்க பேரே இல்ல" என்றார் சாவடி அதிகாரி. பக்கத்திலிருந்த கட்சி ஏஜென்ட் நல்ல மனிதர். "உங்க வீட்டு ஆளுங்க பதினோரு பேரும் காலையிலயே வந்து போட்டுட்டாங்களே, நீங்க அவங்ககூட வரலையா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

நான் ஓட்டுப் போட நினைத்திருந்தவர் சொற்ப ஓட்டில் தோற்றார். வழக்குப் போடலாம் என்று அல்சூரில் ஒரு வக்கீலிடம் போனேன்.

"வழக்குப் போட தேர்தல்ல நின்னவரா இருக்கணும், இல்ல ஓட்டராவாச்சும் இருக்கணும். நீங்க ரெண்டும் இல்ல" என்றார்.

"சாட்சியா வரேன் சார். என் வீடு சார் அது!"

அவர் தேர்தல் அலுவலகத்தில் நகல் வாங்கி டீச்சரின் அறிக்கையைப் படித்துக் காட்டினார். பதினோரு பேரும் வசிக்கிறார்கள். புகார் பொய். புகார் கொடுத்தவர் இவ்விடம் இல்லை. கீழே என் மனைவியின் கையெழுத்து.

"ரெக்கார்டுபடி அந்த வீட்ல இல்லாத ஒரே ஆளு நீங்கதான். புதுசா பேர் சேர்க்க மனு குடுங்க, மத்ததை அப்புறம் பாக்கலாம்."

நரைத்த தலையோடு புது வாக்காளர் மனு கொடுத்தேன். விசாரணைக்கு எப்போது வருவார்களோ என்று ஒரு வாரம் லீவு போட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பால் பாக்கெட் வாங்கக்கூட நகரவில்லை.

அதே டீச்சர்தான் வந்தார். கையில் எங்கள் வளையல்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரே ரூம். ஆல்ரெடி பன்னெண்டு பேர் இருக்காங்க. நீங்க வேற எங்கே இருப்பீங்க?"

உள்ளே மனைவியின் பாத்திரச் சத்தம் நின்றது. அவர்கள் யாருமே இங்கே இல்லை என்று மறுபடி சொன்னால், மறுபடி புகார், மறுபடி விசாரணை. டீச்சரின் பேனா மனுவின் மேல் நின்றுகொண்டிருந்தது.

"அவங்களோட அட்ஜஸ்ட் பண்ணி இருந்துக்கறேன் மேடம்" என்றேன்.