கிராம நர்சிடம் நான் சொன்ன பொய்

என் தங்கை முத்துமாரியின் கன்னத்தில் ஓட்டை விழுந்ததற்கு நான்தான் காரணம். அம்மை இல்லை, அம்மனும் இல்லை. நான்.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கம். அப்போது எனக்குப் பதினான்கு வயது, அவளுக்கு நான்கு. அய்யாவும் அம்மாவும் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைக்குக் காலையிலேயே போய்விடுவார்கள். பாதி நாள் எங்கள் இருவருக்கும் நீராகாரம்தான். அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள்.

அவளுக்குத் தட்டம்மை வந்தது. வாசலில் வேப்பிலை செருகினோம். மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஊசி, மருந்து கூடாது என்பது வீட்டு வழக்கம். இரண்டாம் தண்ணீர் ஊற்றிய பிறகு ஈறில் ஒரு புண் வந்தது. அப்புறம் வாயிலிருந்து நாற்றம்... எலி செத்துக் கிடப்பதுபோல.

மறுநாள் கிராம நர்சு வந்தார். வேப்பிலையைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"யாருக்குத்தா அம்மை?"

"எனக்குத்தான்க்கா. எறங்கிருச்சு."

"தங்கச்சிய எங்கன காணோம்?"

"அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்கா."

அவர் போய்விட்டார்.

வழக்கத்துக்குப் பயந்தா அப்படிச் சொன்னேன்? இதுவரை என்னையே அப்படித்தான் நம்பவைத்திருக்கிறேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். 'நீயும் நர்சுக்குப் படி' என்று என்னிடம் சொன்ன ஒரே ஆள் அவர். அந்த நாற்றம் அவர் மூக்கில் ஏறினால் என்னை என்னவென்று நினைப்பார்? வெட்கம்... அவ்வளவுதான். பிள்ளையின் முகத்தைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது.

நான்கே நாளில் புண் உள்ளிருந்து அரித்துக் கன்னம் கறுத்துவிட்டது. மூன்றாம் தண்ணீருக்குக் காத்திராமல் அய்யா அவளைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் ஓடினார். அங்கிருந்து மதுரை. உயிர் தங்கியது, கன்னம் தங்கவில்லை.

"புண்ணு வந்ததுமே கொண்டாந்திருந்தா மருந்துலயே ஆறியிருக்கும்" என்றார் டாக்டர்.

"எல்லாம் ஆத்தா சோதனை" என்றாள் அம்மா.



முத்துமாரி இப்போது மண்டபத்தில் நண்டு உடைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தொடைத்தோலை எடுத்து ஒட்டிய கன்னம் ஒரு பக்கமாக இழுத்திருக்கும். கஞ்சி குடித்தால் ஒழுகும். யார் வந்தாலும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். முகத்தை மறைக்கிறாள் என்று நினைக்கிறார்கள்.

அப்படியில்லை. அன்று நர்சு தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் நான் உள்ளே ஓடினேன். "வாயப் பொத்திக்க. நாஞ் சொல்ற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது" என்றேன். அவளும் பொத்திக்கொண்டாள். கன்னம் கறுப்பதற்கு முன்பே அந்தக் கை அங்கே இருந்தது.

அன்று நடந்தது அவளுக்கு நினைவிருக்கிறதா, தெரியாது. கேட்கப் பயம்... நர்சு போன பிறகு நான் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டேன். கையை எடு என்று இன்றுவரை சொல்லவில்லை.